செக்கிழுத்தவர் மொழிபெயர்த்த நம்பிக்கை

1908 ஜூலையில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனை, ஆக மொத்தம் 40 ஆண்டு என்று திருநெல்வேலியில் தீர்ப்பானது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும் 1912 டிசம்பர் வரை கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையில்தான் கிடந்தார். மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தார்கள் என்பது நம் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அதே சிறையில் அவர் என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. மனிதனின் எண்ணம் எப்படியோ அப்படியே அவன் வாழ்க்கை என்று சொல்லும் ஓர் ஆங்கிலச் சிறுநூலை அவர் தமிழாக்கிக்கொண்டிருந்தார். 'மனம்போல வாழ்வு' என்ற பெயரில் 1909-இல் அது வெளிவந்தது.

இன்றைக்குப் பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் செல்போனைத் திறந்தால் காலையில் ஒரு தன்னம்பிக்கை வாசகம், ராத்திரியில் ஒரு தன்னம்பிக்கை வீடியோ. நினைத்தால் முடியும், மனசு வைத்தால் மலையும் நகரும் என்ற இந்தப் பேச்சுக்குத் தமிழில் முன்னோடி என்று யாரையாவது காட்ட வேண்டுமானால் ஒட்டப்பிடாரத்துக்காரரான அந்த வக்கீலைத்தான் நான் காட்டுவேன். அப்படிக் காட்டும்போது ஒரு கேள்வியும் கூடவே எழுகிறது. தொடங்கிய கப்பல் கம்பெனி கைவிட்டுப் போய், குடும்பத்தைப் பிரிந்து, வெள்ளைக்கார அரசின் செக்கைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு, 'உன் நிலைமைக்கு உன் எண்ணமே காரணம்' என்று சொல்லும் புத்தகத்தில் என்ன இருந்தது? தான் செக்கிழுப்பதற்குத் தன் எண்ணமே காரணம் என்றா அவர் நம்பினார்?

வாழ்க்கைத் தத்துவங்கள் எப்போது மனிதனைத் தூக்கி நிறுத்துகின்றன, எப்போது அமுக்கிவிடுகின்றன என்பது இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

மூல நூலை எழுதியவர் ஜேம்ஸ் ஆலன். 1864-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வேலை தேடி அமெரிக்கா போன தகப்பனார் அங்கே கொல்லப்பட்டுவிட, 15 வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போனார். 1903-இல் இந்தச் சிறுநூலை வெளியிட்டார். சூழ்நிலை நம்மைச் செய்வதில்லை, நாம் யார் என்பதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான் என்பது அதன் அடிப்படை. பணக்கார வீட்டில் பிறந்த ஒருவர் சொல்லியிருந்தால் நமக்குக் கோபம் வந்திருக்கும். ஆலன் அப்படிப்பட்டவர் இல்லை.

வ.உ.சி.க்கு இது அந்நியச் சரக்காகவும் தெரிந்திருக்காது. திருக்குறளில் ஊறியவர் அவர். பின்னாளில், 1917-இல், மணக்குடவர் உரையைத் தேடிப் பதிப்பித்தார். 'வெள்ளத் தனைய மலர்நீட்டம் மாந்தர்தம் உள்ளத் தனையது உயர்வு' என்ற 595-ஆவது குறளை அறிந்த ஒருவருக்கு ஆலனின் நூல் வேறு உடுப்பில் வந்த பழைய சொந்தக்காரர் போலத்தான் தோன்றியிருக்கும். தாமிரபரணிப் பாசனத்தில் குளம் நிரம்ப நிரம்பத் தாமரைத் தண்டும் நீண்டு மேலே வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் குறளுக்கு உரை வேண்டாம்.

இந்தக் குறளை எல்லாரும் சுவரில் எழுதிவைக்கிறார்கள். அடுத்த குறளை எழுதுவதில்லை. 'உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல் மற்றது தள்ளினும் தள்ளாமை நீர்த்து.' நினைப்பதெல்லாம் உயர்வாகவே இருக்கட்டும். அது கைகூடாமல் போனாலும் கூடியதற்குச் சமம்தான் என்கிறது 596. நினைத்தால் கட்டாயம் நடக்கும் என்ற வாக்குறுதி இங்கே கிடையாது. நடக்காமலும் போகலாம் என்பதை வள்ளுவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் உயர்வாக நினைப்பதற்கு ஒரு காரணம் தருகிறார். சிறையில் இருக்கும் மனிதனுக்கு முதல் குறளை விட இரண்டாவதுதான் அதிகம் தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் வெளியே எல்லாம் தோற்றுக்கொண்டிருந்தது. 1906-இல் தூத்துக்குடியில் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி 10 லட்சம் ரூபாய் மூலதனத்தை இலக்காக வைத்து, 25 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்து, ஊர் ஊராகப் பங்கு சேர்த்தது. காலியா, லாவோ என்ற கப்பல்கள் வந்தன. அவர் உள்ளே இருந்தபோதே, 1911-இல், கம்பெனி கலைந்துபோனது. வெளியே வந்தவருக்கு வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், கோவையில் வங்கி வேலை பார்த்தார், பல வருஷம் வறுமையில் இருந்தார். மனம்போல வாழ்வு அமையும் என்று எழுதியவருக்கு வாழ்வு அப்படி அமையவில்லை.

ஆனால் அவர் ஆலனைக் கைவிடவில்லை. 1914-இல் 'அகமே புறம்', அப்புறம் 'வலிமைக்கு மார்க்கம்', 1930-களில் 'சாந்திக்கு மார்க்கம்' என்று 1936-இல் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அந்த மொழிபெயர்ப்புகள் வந்துகொண்டே இருந்தன. பலன் தராத தத்துவத்தை யாரும் இத்தனை வருஷம் கட்டிக்கொண்டு அழமாட்டார்கள். அவருக்கு அதிலிருந்து கிடைத்த பலன் பணமாகவோ பதவியாகவோ இல்லை, அவ்வளவுதான். சிறைக்குள் அவர் எழுதிய சொந்த நூல்களைப் பார்த்தால் அது என்ன பலன் என்று ஓரளவு புரிகிறது. 'மெய்யறிவு' என்ற செய்யுள் நூல் தன்னை அறிதலில் தொடங்கி, விதியின் இயல்பை அறிந்து, உடம்பை வளர்த்து, மனத்தை ஆளும் வழியைச் சொல்கிறது. உடன் இருந்த கைதிகளுக்கு அறம் சொல்லிக்கொடுக்கப் போய் உருவான எழுத்து அது. வெளியே எதுவும் தன் கையில் இல்லாதபோது உள்ளே எது தன் கையில் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்து, இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்கிறார்.

ரோமாபுரியில் அடிமையாக இருந்த எபிக்டெட்டஸ் என்ற ஞானி 1,900 ஆண்டுகளுக்கு முன்பு சொன்னதும் ஏறக்குறைய இதுவே: சில நம் வசத்தில் உள்ளவை, சில இல்லாதவை, வசத்தில் இல்லாததற்காக நொந்து சாகாதே. அந்தக் காலத்தில்தான் தாமிரபரணி முகத்துவாரத்துக் கொற்கையிலிருந்து முத்து மேற்கே போய்க்கொண்டிருந்தது. அங்கே முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள் என்று அக்காலத்துக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பேடு ஒன்று சொல்கிறது. அந்தக் கைதிகள் எந்தத் தத்துவத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கினார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இனிதான் முக்கியமான இடம். ஆலனின் தத்துவத்தை வ.உ.சி. யாருக்குச் சொன்னார், யாருக்குச் சொல்லவில்லை என்று பாருங்கள். 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குறைந்த கூலி, நீண்ட வேலைநேரம், வார விடுமுறை கிடையாது. அவர்கள் முன்னால் நின்று பேசிய வ.உ.சி., 'உங்கள் எண்ணத்தை மாற்றுங்கள், கூலி தானாக உயரும்' என்று சொல்லவில்லை. கூலியை உயர்த்து, லீவு கொடு என்று முதலாளியிடம் கேட்கச் சொன்னார். வேலையில்லாத நாட்களில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய ஊரில் ஏற்பாடு செய்தார். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. அடுத்த வாரமே அவரைக் கைது செய்தார்கள். மார்ச் 13-இல் திருநெல்வேலி பற்றி எரிந்தது.

ஆக, 'என் நிலைமைக்கு என் மனமே பொறுப்பு' என்ற வாக்கியத்தை அவர் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். ஏழைத் தொழிலாளியைப் பார்த்து 'உன் நிலைமைக்கு உன் மனமே பொறுப்பு' என்று திருப்பவில்லை. ஒரே தத்துவம், தன் பக்கம் திரும்பும்போது பலமாகவும் அடுத்தவன் பக்கம் திரும்பும்போது வசையாகவும் ஆகிவிடுகிறது. இதை அவர் எங்கும் கோட்பாடாக எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. நடந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. 1914-இல் வெளிவந்த அவருடைய 'மெய்யறம்' என்ற நூலின் கட்டமைப்பிலும் இருக்கிறது. அதன் 125 அதிகாரங்களும் மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என்று ஐந்தாகப் பிரிகின்றன. அதிக அதிகாரங்கள் அரசியலுக்கு. மனத்தைச் சரிசெய்வதோடு நின்றுவிட்டால் போதும் என்று நினைத்த ஒருவர் இப்படி எழுதியிருக்கமாட்டார்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் பக்கத்துப் பழைய நூல்களைத் திரும்பப் படித்தால் பல விஷயம் தெளிகிறது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தில் உள்ள இந்த வெண்பாவைத் தெரியாதவர் யார்?

'மெய்வருத்தம் பாரார் பசிநோக்கார் கண்துஞ்சார்
எவ்வெவர் தீமையும் மேற்கொள்ளார் - செவ்வி
அருமையும் பாரார் அவமதிப்பும் கொள்ளார்
கருமமே கண்ணாயி னார்.'

எடுத்த காரியத்தில் கண்ணாக இருப்பவர் உடம்பு நோவதைப் பார்க்கமாட்டார், பசியைப் பார்க்கமாட்டார், தூக்கத்தைப் பார்க்கமாட்டார், அவமானத்தை மனசில் ஏற்றிக்கொள்ளமாட்டார். பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண் இதைத் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டால் அழகு. ஒரு ஜவுளிக்கடை முதலாளி, நாள் முழுக்க உட்கார விடாமல் நிற்கவைத்த பிள்ளையிடம் இதையே சொன்னால்? அதே நான்கு அடிதான். 'பசிநோக்கார்' என்பது தானே வைத்துக்கொண்ட விரதமாக இருக்கும்வரை அறம். பிறர் சுமத்தினால் பட்டினி.

குமரகுருபரரிடம் இன்னொரு விசேஷம் உண்டு. கருமமே கண்ணாகச் சொன்ன அதே நூலை அவர் எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? இளமை நீர்க்குமிழி, செல்வம் நீரில் சுருளும் அலை, உடம்பு நீரில் எழுதிய எழுத்து என்று. ஆற்றங்கரையில் பிறந்தவரின் கண் அது. எல்லாம் அழியும் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பாடுபடச் சொல்கிறார். நிலையாமை பேசினால் ஆள் சோம்பிவிடுவான் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அழிவைக் கண்ணெதிரே பார்த்தவர்கள்தான் நாளையைத் தள்ளிப்போடாமல் வேலை செய்கிறார்கள். ஐந்து வயதுவரை பேச்சே வராமல் இருந்து திருச்செந்தூரில் முருகன் அருளால் பேசினார் என்று மரபு சொல்லும் ஒருவர், காசிவரை நடந்துபோய் அங்கே மடம் நிறுவினார். நீர்க்குமிழி என்று தெரிந்த பிறகு செய்த வேலை அது.

ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் நடந்ததாகச் சொல்லும் உரையாடலும் இந்த வரிசையில் வரும். 'செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்' என்று மதுரகவி கேட்க, 'அத்தைத் தின்று அங்கே கிடக்கும்' என்றார் நம்மாழ்வார். உடம்பு என்ற சடத்துக்குள் புகுந்த உயிர், அந்த உடம்பின் இன்ப துன்பத்தையே உண்டு அங்கேயே கிடக்கும் என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். எதற்குள் கிடக்கிறோமோ அதைத்தான் தின்போம். ராத்திரி ஒரு மணிவரை அடுத்தவர் வெற்றியை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மறுநாள் காலையில் ஏன் பொறாமையும் சலிப்புமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

அய்யா வைகுண்டர் இந்த விஷயத்தை இன்னும் கூர்மையாகச் செய்துகாட்டினார். 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்தவர். அவர் வாழ்ந்த சாமித்தோப்பு அன்று திருவிதாங்கூர்ச் சீமை, இன்று கன்னியாகுமரி மாவட்டம். ஆனால் அவருடைய வழிபாட்டு இடங்களான நிழல் தாங்கல்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பனங்காட்டு ஊர்களில் எத்தனையோ. உள்ளே போனால் கும்பிடச் சிலை இருக்காது, கண்ணாடி இருக்கும். கும்பிடுகிறவர் தன்னையே பார்க்கிறார். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடுகிறார்கள். தலையில் துண்டு கட்ட உரிமை மறுக்கப்பட்டு, மேலானவர்கள் எதிரே வந்தால் இடுப்பில் இறக்கிக் கட்ட வேண்டியிருந்த சனத்துக்கு அது எத்தகைய நிமிர்வு என்று நினைத்துப் பாருங்கள்.

கண்ணாடியோடு அவர் நிறுத்தவில்லை. 'உனக்குள்ளே கடவுள் இருக்கிறார், போ' என்று அனுப்பிவிடவில்லை. எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க வைத்தார், ஒன்றாக உட்கார்ந்து உண்ண வைத்தார், அநியாய வரிகளை எதிர்த்ததற்குத் திருவனந்தபுரத்தில் சிறையும் இருந்தார். 'தாழக் கிடப்பாரைத் தற்காப்பதுவே தர்மம்' என்பது அவர் வழியினரின் புனித நூலான அகிலத்திரட்டின் வாக்கு. உன்னைப் பார்க்கும்போது கண்ணாடி, அடுத்தவரைப் பார்க்கும்போது தாழக் கிடக்கிறாரா என்ற கேள்வி. வ.உ.சி. ஆலனையும் மில் வேலைநிறுத்தத்தையும் ஒரே கையில் பிடித்திருந்ததைப் போன்றதே இதுவும். ஒருவர் மற்றவரைப் படித்தார் என்று நான் சொல்லவில்லை. அடக்குமுறையை உடம்பில் அனுபவித்தவர்கள் தத்துவத்தை இப்படித்தான் பிடிக்கிறார்கள் போலும்.

ஊக்கம் என்பதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். மனசில் ஒரு எழுச்சி வந்தால்தான் வேலை நடக்கும் என்று இப்போது எல்லாரும் நம்புகிறார்கள். திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துப் பனையேறிகளிடம் அப்படிக் கணக்குக் கிடையாது. பருவம் தொடங்கிவிட்டால் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்க வேண்டும். பாளையைத் தினமும் சீவாவிட்டால் சுரப்பு போய்விடும். இன்றைக்கு மனசு சரியில்லை என்று மரத்திடம் சொல்ல முடியாது. 'தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பன வச்சவன் பாத்துட்டுச் சாவான்' என்பது பழமொழி. 15 ஆண்டுக்கு மேல் காத்திருந்தால்தான் பதநீர் தரும் மரத்தை, தனக்கு இல்லை என்று தெரிந்தே நட்டுவைத்த தாத்தன்மாரால்தான் தேரிக்காட்டில் இன்றும் பனை நிற்கிறது.

இந்தப் பாடு பெரிய தத்துவம்தான். அதைப் போற்றுவதோடு நின்றுவிட்டால் நாமும் அந்த ஜவுளிக்கடை முதலாளி ஆகிவிடுவோம். மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவருக்கு விடாமுயற்சியைப் பற்றிய பாராட்டு எதற்கு ஆகும்? கருப்பட்டிக்குச் சரியான விலையும் விழுந்தால் இழப்பீடும் ஏறுவதற்குப் பாதுகாப்பான கருவியும்தான் அவருக்கு வேண்டும்.

ஊழ் பற்றி வள்ளுவர் பேசும் இரண்டு பேச்சும் இங்கேதான் பொருந்தி வருகின்றன. 'ஊழிற் பெருவலி யாவுள' என்று 380-இல் கேட்டவர், 620-இல் 'ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்றுபவர்' என்கிறார்; சோராமல் முயல்கிறவர் விதியையும் புறங்காட்டி ஓட வைப்பார் என்று பொருள். முரண் என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. என் வாசிப்பில், பிறர் தோற்கும்போது முதல் குறளை நினைக்க வேண்டும். அவர் கைமீறிப்போனது எவ்வளவோ இருக்கும். நான் தளரும்போது இரண்டாவதை. பலரும் மாற்றிப் பிடித்துக்கொள்கிறார்கள். தான் தோற்றால் விதி, பக்கத்து வீட்டுப் பையன் தோற்றால் சோம்பேறித்தனம்.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழை இதைச் சோதித்துப் பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பல ஊர்களில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம். தாமிரபரணி கரை உடைத்து ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர்ப் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்துக்குக் கீழே மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. ஏறக்குறைய 800 பயணிகள். அருகே இருந்த புதுக்குடி சனங்கள், தங்கள் வீடுகளும் வெள்ளத்தில் இருந்தபோது, கையில் இருந்த அரிசியைத் திரட்டிப் பொங்கிப்போட்டார்கள். யார் எண்ணம் சரியில்லை, யார் கர்மா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. 'உண்டால் அம்ம இவ்வுலகம்' என்று தொடங்கும் புறநானூற்று 182-ஆவது பாட்டைக் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்ற பாண்டியன் பாடினான். தமக்கென்று முயலாமல் பிறர்க்கென்று முயல்கிறவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் இருக்கிறது என்பது அதன் முடிவு. அந்த அரிசியை உலையில் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாட்டுத் தெரிந்திருக்கும்? தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம், தேர்வில் தோற்றுவிட்டு ஊருக்குத் திரும்பும் பிள்ளைகள். ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் போனவர்கள், மூன்றாவது தடவையாகப் போனவர்கள். 'அவனுக்கு வெறி பத்தாதுலே, வெறி இருந்தா ஜெயிச்சிருப்பான்' என்று சொந்தக்காரர்கள் பேசுவது அவன் காதில் விழுகிறது. அவனுக்கு அனுப்பப்படும் வாசகங்களும் அதையே வேறு சொல்லில் சொல்கின்றன. ஆயிரக்கணக்கான இடத்துக்கு லட்சக்கணக்கானவர் எழுதும் தேர்வில் பெரும்பாலோர் தோற்றே ஆக வேண்டும் என்பது கணக்கு, மனசின் குற்றம் இல்லை. அந்தப் பிள்ளை தனக்குத்தானே 596-ஐச் சொல்லிக்கொள்ளட்டும். 'தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்ற 619-ஐச் சொல்லிக்கொண்டு மறுபடி புத்தகத்தைத் திறக்கட்டும். அது அவனுடைய உரிமை. நாம் அதை அவனுக்கு ஸ்டேட்டஸில் போட்டு அனுப்ப வேண்டாம். நேரில் போய், அடுத்த அறிவிப்பு எப்போது வருகிறது, கோச்சிங் பீசுக்கு என்ன வழி, அதுவரை பார்க்க ஏதாவது வேலை சொல்லட்டுமா, வீட்டில் அப்பாவிடம் யாராவது பேச வேண்டுமா என்று கேட்கலாம்.